கேட்காமல் வைத்த ஒன்பதாவது பாட்டு

கூடலம்பாளையத்தில் தறிச்சத்தம் காணாமல் போன அன்றைக்கு, மத்தியானம் வரைக்கும் அது காணாமல் போனதே யாருக்கும் தெரியவில்லை. தறிகள் அவை பாட்டுக்கு ஓடின, நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்தது, லுங்கித் துணி கீழே சுருண்டு சுருண்டு விழுந்தது, கரண்ட் மீட்டர் சுற்றியது, சத்தம் மட்டும் இல்லை. வேறு ஊராக இருந்தால் அந்த நொடியே வெளியே ஓடி வந்திருப்பார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு நாலு தறி, எட்டுத் தறி என்று சமையல்கட்டுக்கும் படுக்கிற அறைக்கும் நடுவில் ஓடுவதால், பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே கிடந்து கிடந்து, இந்த ஊர்க்காரர்கள் உதட்டால்தான் பேசுவார்கள். எதிரில் வந்து நின்று, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாக விரித்துக் காட்டுவார்கள். கட்டை விரலைச் சாய்த்தால் டீ, மூக்கின் பக்கவாட்டைத் தொட்டால் பெண்டாட்டி, நெஞ்சில் ரெண்டு தட்டுத் தட்டினால் முதலாளி வருகிறார். பேச்சுக்குக் காது தேவைப்படாத ஊரில் சத்தம் போனால் என்ன, இருந்தால் என்ன?

நான் ஆடு மேய்க்கிற ஊரில் பிறந்து, எட்டாவது வரைக்கும் புங்கமரத்தடிப் பள்ளிக்கூடத்தில் படித்து, அதற்கு ரெண்டு வருசம் முன்னால் இங்கே வாழ்க்கைப்பட்டவள். எனக்குக் காது இன்னும் மிச்சம் இருந்தது. அன்றைக்குப் பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஒரு விசில் கேட்டது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைக்க உள்ளே ஓடினால், என் அடுப்பில் குக்கரே இல்லை, ரசம் கொதிக்கிறது. நாலு வீடு தள்ளி யாரோ பருப்பு வேகவைக்கிறார்கள்! இந்த ஊரில் விசிலை எண்ணிய முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும்.

பட்டறைக்குள் என் வீட்டுக்காரரின் அக்கா கலாமணி நாலு தறிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் நாத்தனார் மூத்தவராக இருந்தால் நங்கை என்போம்.

"நங்கை, சத்தமே இல்லைங்க!" என்றேன்.

அவர் முகத்தைச் சுளித்து உதட்டை மட்டும் அசைத்தார். "எதுக்குடி இப்படிக் கத்தற?"

"நீங்களும் வாயைத் தொறந்து பேசிப் பாருங்க."

"என்னத்தப் பேச…" என்று ஆரம்பித்தவர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "அய்யோ, இதாருடி பேசறது?"

அவர்தான். இருபது வருசமாகத் தறி ஓட்டிய பொம்பளை தன் குரலைத் தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் ஊர் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. பழக்கதோஷத்தில் வாய்விட்டுப் பேசுகிறவர்கள் எல்லாம் தொண்டை கிழியக் கத்தினார்கள். என் வீட்டுக்காரர் பூபதி "உப்புக் கொண்டா" என்றது ஆற்றுக்கு அக்கரையில் கேட்டு அங்கே ஒருத்தி உப்பை எடுத்ததாகச் சொல்கிறார்கள். முதலாளி நாச்சிமுத்து இத்தனை வருசமாக எங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன முணுமுணுத்தார் என்பது எங்களுக்கும், நாங்கள் முணுமுணுத்தது அவருக்கும் ஒரே நாளில் தெரிந்துபோய், ரெண்டு தரப்பும் ஒரு வாரம் ஒருத்தர் கண்ணில் ஒருத்தர் படாமல் சுற்றினோம். மத்தியானத் தூக்கம் யாருக்கும் வரவில்லை. ஆம்பளைகள் தலையணையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர் அரிசி மில்லுக்குப் போய் மோட்டார் பக்கத்தில் படுத்து எழுந்து வந்தார்கள். தறி ஓட்டுகிறவர்கள் கால் ஓயவில்லை; நூல் அறுந்தால் முன்பு காதுதான் சொல்லும், இப்போது கண்ணால் பார்த்தால்தான் உண்டு என்பதால், நாலு தறிக்கும் நடுவில் கூண்டுப் புலி மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள்; அப்படியும் துணியில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. உட்கார்ந்தவர் எழுந்தார், எழுந்தவர் வாசலுக்குப் போனார், போனவர் எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

ரெண்டு வாரத்தில் எல்லாம் பழகிப்போனது. மனுசன் எதற்குத்தான் பழகமாட்டான்? பழகியதும் ஊர் முதலில் செய்த காரியம் முதுகைக் காட்டியதுதான். எதிரில் வந்து நின்று பேச வேண்டிய அவசியம் இல்லையே! அடுப்படியிலிருந்து கூப்பிட்டார்கள், குளிக்கிற அறைக்குள்ளிருந்து பதில் சொன்னார்கள், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சண்டை போட்டார்கள், போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தார்கள். டீ என்று சாய்ந்த கட்டை விரல்கள் எல்லாம் லுங்கி மடிப்புக்குள் போய்விட்டன.

நங்கை பாட ஆரம்பித்தார். பாத்திரம் தேய்க்கும்போது, தலை சீவும்போது, தறிக்கு நடுவில் சுற்றும்போது, சொந்தமாகவே கட்டிக் கட்டிப் பாடினார்.

"தேய்ச்ச பாத்திரம் திரும்ப அழுக்காகும்,
தேய்க்கிற கை மட்டும் தேஞ்சே போகும்…"

குரல் என்றால் அப்படி ஒரு குரல், வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுகிற மாதிரி. தெருவே வேலையைப் போட்டுவிட்டு நின்று கேட்டது. சந்தோசமாகத்தான் இருந்திருக்கும், என் மகள் மட்டும் அழாமல் இருந்திருந்தால்.

என் மகள் தன்விகாவுக்கு அப்போது பத்து மாதம். அதுவரைக்கும் அவளைப் போலச் சூட்டிகையான குழந்தை தெருவிலேயே கிடையாது. வா என்றால் வருவாள், தா என்றால் தருவாள், நங்கை வாயை விரித்து "அத்தை சொல்லு" என்றால் இவளும் குட்டி வாயை விரிப்பாள். சத்தம் போன பிறகு அவளுக்கு என்ன வந்ததோ, யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ஒவ்வொரு முதுகாகப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

"புள்ளைக்குத் திமிரு, அவங்கப்பனாட்டமே" என்றார் நங்கை, வெங்காயம் உரித்துக்கொண்டே, திரும்பாமல்.

நான் எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துப்போய் அவளுக்குப் பின்னால் தரையில் போட்டேன். எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. என் மகள் கையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்பூனை நக்கிக்கொண்டிருந்தாள். மறுபடியும் போட்டேன். ஏழு தடவை போட்டேன்.

ஈரோட்டில் டாக்டரம்மா குழந்தையின் தலையில் ஒயர் ஒட்டி மெஷினில் பார்த்துவிட்டு, பிறந்ததிலிருந்தே ரெண்டு காதும் கேட்காது என்றார்.

"பத்து மாசமா எப்படிம்மா தெரியாம இருந்தீங்க?"

"எங்க ஊர்ல யாருக்குமே கேக்காதுங்க டாக்டர்" என்றேன்.

ஆபரேசன் செய்து காதுக்குள் மெஷின் வைக்கலாம், அரசாங்கத் திட்டத்தில் பேர் பதியலாம், வரிசை வரும்போது கூப்பிடுவார்கள் என்றார். அதுவரைக்கும் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், நிறையப் பேசுங்கள், இவளைச் சுற்றியிருக்கிற எல்லாரும் பேசட்டும் என்றார். பேர் பதிந்தேன், ரசீதை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தேன், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன், எங்கள் நிறுத்தம் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அழுதுகொண்டே பேசினால் உதடு கோணிக்கொள்ளும், குழந்தைக்குப் புரியாது.

இப்படி இருக்கும்போதுதான் தறி ஃபிட்டர் வையாபுரி சத்தம் எங்கே போனது என்று கண்டுபிடித்தார். பாட்டுக்காரி அம்சவேணியை எல்லாருக்கும் தெரியும். அவளே எழுதி அவளே மெட்டுப்போட்டு அவளே பாடுவாள், அவள் பாட்டு ஒலிக்காத கல்யாணப் பந்தி எங்கள் பக்கம் கிடையாது. நான் கல்யாணமாகி வந்த மாதத்தில்தான் அவள் எங்கள் தெருவுக்கு வந்து, அணில் வால் மாதிரி முடி வைத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சும்மா நின்றுவிட்டுப் போனாள். அவளுடைய புது ஆல்பம், 'அறுந்த இடம்' என்று பேர், ஒன்பது பாட்டு, நாற்பத்தேழு நிமிடம், சத்தம் காணாமல் போன அதே காலையில்தான் வெளியாகியிருந்தது. பேப்பரில் 'துணிச்சலான முயற்சி' என்று அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். வையாபுரி ஆசையாகப் போட்டுக் கேட்டிருக்கிறார். பாட்டையே காணோம், கடக்குப் படக்கு என்று தறிதான் ஓடுகிறது.

"இது நம்ம நாச்சிமுத்து பட்டறை மூணாம் நம்பரு தறி. போல்ட் லூசா இருக்குதுன்னு நாந்தான் அன்னைக்கே சொன்னனே!" என்று தெருவில் நின்று கத்தினார்.

ஒவ்வொரு வீடும் தன் தறியை அடையாளம் கண்டது. நாச்சிமுத்து யார் யாரையோ பிடித்து அம்சவேணிக்கு ஆள் அனுப்பினார். அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது, ரொம்பக் களைத்த குரல்: "நான் ஒண்ணும் திருடலைங்க. அது அங்க தங்கியிருக்கு. இந்த ஆல்பத்தை இன்னும் ஒருத்தர்கூட முழுசாக் கேக்கலை. பேப்பர்ல எழுதினவர்கூட மூணாவதோட எந்திரிச்சிட்டார். யாராச்சும் ஒருத்தர், வேற வேலை செய்யாம, கடைசி வரைக்கும் கேட்டா எறங்கி வந்துரும்."

இவ்வளவுதானா என்று ஊர் சிரித்தது. முதலில் நாச்சிமுத்து உட்கார்ந்தார். ரெண்டாவது பாட்டில் குறட்டை. வையாபுரி உட்கார்ந்தார், பதினோராவது நிமிடத்தில் அந்த லூஸ் போல்ட்டைத் தாங்க முடியாமல் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினார். பூபதி உட்கார்ந்தார், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனையே முறைத்துப் பார்த்து, "வாயே இல்லியே புள்ள, எதப் பாத்துக் கேக்கறது?" என்று எழுந்துவிட்டார். ரெண்டொருத்தர் எட்டாவது வரைக்கும் போய், அங்கே ஒன்றுமே கேட்காததால் முடிந்துவிட்டது என்று நினைத்துத் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பேச்சுக்கே காதைக் கொடுக்காமல் வளர்ந்தவர்கள் பாட்டுக்குக் கொடுப்பார்களா?

"நான் கேக்கறேன்" என்றேன்.

நங்கை பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் என் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"வேண்டாம் அம்மிணி."

"எம்புள்ளைக்கு நங்கை. சத்தம் வந்தாத்தான் எல்லாரும் மூஞ்சியப் பாப்பீங்க."

"எனக்கு நாப்பத்தியொரு வயசு. புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல. இப்பத்தான் எனக்குன்னு ஒண்ணு வந்துருக்குது. அதையும் புடுங்கோணுமா?"

அவர் சொன்னது நிஜம். என் குழந்தை அழுவதும் நிஜம். நான் பால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன், கொடியில் காய்ந்த துணியை எடுத்தேன், கதவைச் சாத்தினேன். வையாபுரியின் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தரையில் வைத்து, தன்விகாவை மடியில் போட்டுக்கொண்டு, போனை அமுக்கினேன்.

குழந்தை பிறந்த பிறகு நாற்பத்தேழு நிமிடம் சும்மா உட்காருவது என்றால் எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். முதல் பாட்டு ஒரு ஷட்டரைத் தூக்குகிற சத்தம், அவ்வளவுதான், அதை இழுத்து இழுத்து ஒரு ஆள் அழுகிற மாதிரி ஆக்கியிருந்தாள். எனக்குக் கால் அரித்தது. ரெண்டாவதில் ஒரு தறி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் பத்து. நடுவில் அம்சவேணியின் குரல் சொல்லே இல்லாமல் ஒரு ஊசி நுழைகிற மாதிரி நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. உளுந்து ஊறப்போட்டோமா என்று யோசனை போனது, பிடித்து இழுத்தேன். ஐந்தாவதில் ஒரே வரியை நாற்பது தடவை பாடுகிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் அறுந்து விழுகிறது, கடைசியில் மூச்சு மட்டும் பாக்கி. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது, ஆனாலும் அடுத்து எந்தச் சொல் விழும் என்று மனசு பதறிக்கொண்டு நின்றது. ஆறாவதில், டீ டம்ளர் கழுவுகிற சத்தத்துக்குப் பின்னால், ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "ஏனுங்க, இந்த ஊர்ல யாருமே பேச மாட்டாங்களா?" யாருடா இது என்று பார்த்தால், நான். கல்யாணமாகி வந்த புதுசில் நான். அப்படி ஒரு பயந்த குரல் எனக்கு இருந்ததே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஏழாவதில் ஊரின் எல்லாத் தறியும் ஒன்றாக ஓடியது. தன்விகா மடியிலிருந்து வழுக்கி இறங்கித் தவழ்ந்துபோய், ரெண்டு உள்ளங்கையையும் பெட்டியின்மேல் பரப்பி வைத்தாள். கன்னத்தையும் வைத்தாள். குண்டி குலுங்க ஆடினாள். சிரித்தாள். ஒரு மாதத்துக்கப்புறம் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

எட்டாவது வந்தது. ஒன்றுமில்லை. போன் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாரும் எழுந்துபோன இடம் இதுதான். உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலும் எழுந்திரு எழுந்திரு என்றது, உள்ளே எறும்புப் புற்றை உதைத்துவிட்ட மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது ஒரு வளையல் உரசுவது கேட்டது. ஒரு ஆள் செருப்பைத் தேய்த்துத் திரும்பி நிற்பது கேட்டது. உதடு பிரிகிற சின்னச் சத்தம், சேர்கிற சின்னச் சத்தம், அடக்கிக்கொண்ட ஒரு சிரிப்பு, கட்டை விரல் சாய்ந்ததற்குப் பதிலாக எங்கேயோ ஒரு டம்ளர் வைக்கப்படுவது. எனக்குப் புரிந்தது. கரண்ட் போன பட்டறை. தறி எல்லாம் நின்றுபோய்விட்டது, வாய்விட்டுப் பேசினால் தாராளமாகக் கேட்கும், ஆனாலும் இவர்கள் எதிரெதிரே வந்து நின்று உதட்டால்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இவர்களைத் திருப்பி நிறுத்தியது சத்தம் இல்லை. சத்தம் வராமலே இவர்களைத் திருப்பலாம்.

ஒன்பதாவது பாட்டு தொடங்கியது. அம்சவேணி மூச்சை இழுத்தாள். முதல் சொல் வருவதற்குள் நான் போனை அமுக்கி நிறுத்தினேன். நாற்பத்து மூன்று நிமிடம், ஆறு நொடி.

கதவைத் திறந்தால் தெருவே நிற்கிறது, நங்கை முன்னால், முகம் வெளிறி.

"முடிச்சிட்டியா?"

"இல்லைங்க. நாலு நிமிசம் பாக்கி வச்சிருக்கேன்" என்று போனைத் தூக்கிக் காட்டினேன். "எல்லாரும் கேட்டுக்கங்க. எம்புள்ளைகிட்டப் பேசறவங்க எதிர்ல வந்து, மூஞ்சியப் பாத்து, உதட்டால பேசோணும். அவ இருக்கற எடத்துல உங்களுக்குள்ள பேசறதும் அப்படித்தான். யாராச்சும் அவளுக்கு முதுகக் காட்டிப் பேசி நான் பாத்தனோ, மிச்சப் பாட்டைக் கேட்டுப்போடுவேன்."

"மிரட்டறயா?" என்றார் நாச்சிமுத்து.

"ஆமாங்க" என்றேன்.

"எனக்குச் சத்தம் வந்தா நல்லதுதான், துணி பூராவும் ஓட்டை. கேளு, கேளு!"

"தறி மேல உள்ளங்கையை வச்சுப் பாருங்க மொதலாளி. சத்தந்தான் போச்சு, அதிர்வு போவுல. எம்புள்ள பெட்டி மேல கைய வச்சு அத்தனையும் கண்டுபுடிச்சா."

வையாபுரி ஓடிப்போய் மூணாம் நம்பர் தறியில் கையை வைத்தார். உடம்பு சிலிர்த்துத் திரும்பினார். "போல்ட்டு!" என்றார்.

அன்றைக்கிலிருந்து தறி ஓட்டுகிறவர்கள் போகிறபோது வருகிறபோது மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல் தறியைத் தொட்டுக்கொண்டு போகிறார்கள். துணியில் ஓட்டை விழுவதில்லை, அதனால் சத்தம் திரும்பி வரட்டும் என்று யாரும் கேட்கவுமில்லை. என் மகளைக் கண்டால் எல்லாரும் குந்தி உட்கார்ந்து வாயை விரித்தார்கள், முதலில் பயத்தில், அப்புறம் சலிப்போடு, அப்புறம் எதற்கென்று யோசிக்காமலே. நான் அந்தப் போனைச் சார்ஜிலேயே போட்டு வைத்தேன். பேசுவதற்குப் போன் இல்லாமல் பூபதி திட்டினார்.

ஊருக்குப் பயம் போனாலும் எனக்கு ஒரு அவஸ்தை பிடித்துக்கொண்டது. உலகத்தில் அந்த மூச்சு வரைக்கும் கேட்டவள் நான் ஒருத்திதான். அவள் இழுத்த மூச்சு எனக்குள் அப்படியே நிற்கிறது, வெளியே வரவில்லை. சோறு ஆக்கும்போது, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது, அடுத்தது என்ன சொல், அடுத்தது என்ன சொல் என்று கட்டை விரல் துடிக்கும். இப்படியே ஏழு மாதம்.

போன செவ்வாய்க்கிழமை தன்விகா வாசலில் நடந்துகொண்டிருந்தாள். நங்கை அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்தபடி, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். ஒப்பந்தப்படி பார்த்தால் தப்பு. நான் கதவோரம் நின்று, போனைக் கையில் எடுத்துவிட்டேன், பொய் சொல்வானேன், கொஞ்சம் ஆசையோடுதான் எடுத்தேன். தன்விகா நேராகப் போனாள். நங்கையின் முந்தானையை ரெண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. அவர் தடுமாறித் திரும்பினார். இவள் அவருடைய தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, தொண்டையில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, உதட்டால், "பாடு" என்றாள்.

நங்கை பாடினார். சாம்பல் கையோடு, கண்ணில் தண்ணீர் வழிய, ஒவ்வொரு சொல்லாக விரித்துப் பாடினார். குழந்தையின் உள்ளங்கை தொண்டையிலேயே இருந்தது.

இனி இவளுக்கு என் மிரட்டல் எதற்கு? திரும்பாதவர்களை இவளே திருப்பிக்கொள்வாள். நான் போய் நங்கைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து போனை நீட்டினேன்.

"இந்தாங்க. இனிமே இது உங்களுது. வச்சிருந்தாலும் சரி, அழிச்சாலும் சரி, கேட்டாலும் சரி."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நாற்பத்து மூன்று நிமிடம், ஆறு நொடியில் நின்றிருந்த திரையை ரொம்ப நேரம் பார்த்தார். கட்டை விரல் அதற்கு மேலே வந்து நின்றது, விலகியது, மறுபடியும் வந்து நின்றது.

"ஏ அம்மிணி, அப்படி என்னதாண்டி பாடியிருப்பா?"

"தெரியலைங்க நங்கை."

"மூச்ச எப்படி இழுத்தா? நீட்டமாவா, வெடுக்குன்னா?"

இழுத்துக் காட்டினேன். அவரும் அதே மாதிரி இழுத்தார். ரெண்டு பேரும் மூச்சை விடாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.